பெரிய வொர்க்ஸ்டேஷனுக்கு கேபினெட் வாங்கறதுக்கு முன்னாடி: அளவு எடுத்து கணக்கு போட்டுப் பார்க்கற முழு வழிகாட்டி

வொர்க்ஸ்டேஷன் அசெம்பிள் பண்றவங்க ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாத்துக்கும் வாரக்கணக்குல யோசிப்பாங்க, கேபினெட்டுக்கு மட்டும் "ஃபுல் டவர்னு போட்டிருக்கே, இதுக்குள்ள எது போகாம இருக்கப் போகுது"ன்னு ஒரே நாள்ல ஆர்டர் போட்டுடுவாங்க. முதல் தடவை நானும் அப்படித்தான் பண்ணேன். பெட்டியில இ-ஏடிஎக்ஸ் (சாதாவை விட அகலமான) மதர்போர்டு போகும்னு இருந்துச்சு, வாட்டர் கூலரோட 360 ரேடியேட்டர் முன்பக்கம் போகும்னு இருந்துச்சு, நீளமான கார்டு போகும்னும் இருந்துச்சு, மூணுமே பொய் இல்ல, ஆனா மூணையும் சேர்த்து வெச்சப்போ போர்டோட வலது ஓரம் கேபிள் விடற ரப்பர் ஓட்டை எல்லாத்தையும் மூடிடுச்சு, ரேடியேட்டரை மாட்டினதும் கார்டு உள்ள போகல, ஒரு முழு வார இறுதி கழட்டி மாட்டறதுலயே போச்சு.

அன்னைக்கு புரிஞ்சுது இதுதான்: ஸ்பெக் ஷீட்ல இருக்கற ஒவ்வொரு நம்பரும் தனித்தனியா உண்மை, ஆனா எல்லாம் ஒரே நேரத்துல உண்மையா இருக்காது. "கார்டு 450 மிமீ வரைக்கும்"னு சொன்னா அது முன்பக்கம் எதுவும் மாட்டாதப்போ. "18 ஹார்ட் டிஸ்க்"னு சொன்னா அது நீளமான கார்டு போடாதப்போ. கீழ சொல்ற ஒவ்வொரு படியிலயும் இதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப கேட்கப் போறோம்: இது இருக்கும்போது அதுவும் இருக்குமா?

படி 1: கேபினெட் பக்கமே போகாம, முதல்ல பார்ட்ஸ் அளவை எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்து மதர்போர்டோட நீளம் அகலம் மிமீல, ஒவ்வொரு கார்டோட நீளம், உயரம், எத்தனை ஸ்லாட் தடிமன், கூலரோட உயரம் இல்லன்னா ரேடியேட்டரோட மொத்த நீளமும் தடிமனும், பவர் சப்ளையோட நீளம், டிரைவ் எத்தனை, இதெல்லாம் எழுதிக்கோங்க. பக்கத்துல ஒவ்வொண்ணும் எத்தனை வாட் சாப்பிடும்னும் எழுதுங்க, அது படி 4ல வேணும். அடுத்த ரெண்டு வருஷத்துல இன்னொரு கார்டோ டிரைவோ சேர்க்கற எண்ணம் இருந்தா அதையும் இப்பவே சேர்த்து எழுதுங்க. ப்ராசஸர், போர்டு எல்லாம் மாறிட்டே இருக்கும், நல்ல கேபினெட் மூணு பில்டு கூட தாங்கும், அதனால இன்னைக்கு இருக்கற பார்ட்ஸுக்கு மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ஸ்பெக்ல இருக்கற அளவை நம்பலாம், ஆனா கார்டுக்கு "3 ஸ்லாட்"னு போட்டிருந்தா விடாதீங்க, மிமீல பாருங்க. ஒரு ஸ்லாட் 20.32 மிமீ. 70 மிமீ தடிமன் இருக்கற கார்டு மூணரை ஸ்லாட், அதாவது நடைமுறையில நாலு ஸ்லாட்.

படி 2: போர்டு, இ-ஏடிஎக்ஸ்ங்கற பேரை நம்பாதீங்க

சாதா ஏடிஎக்ஸ் 305 × 244 மிமீ. இது 1995ல இன்டெல் கொண்டு வந்தது, இதுல குழப்பமே இல்ல. குழப்பம் அதுக்கு மேலதான். இ-ஏடிஎக்ஸ்னா முறைப்படி 305 × 330, ஆனா கேமிங் போர்டு பண்றவங்க 244க்கு மேல கொஞ்சம் போனாலே, 277 மிமீ அகலத்துக்கே, இ-ஏடிஎக்ஸ்னு பேர் வெச்சுடறாங்க. கேபினெட் கம்பெனிகளும் பல பேர் அந்த 277, 285 மிமீ போர்டை மனசுல வெச்சுத்தான் "இ-ஏடிஎக்ஸ் சப்போர்ட்"னு போடறாங்க. த்ரெட்ரிப்பர் ப்ரோ, ஜியான் மாதிரி வொர்க்ஸ்டேஷன் ப்ராசஸருக்கு வர்ற போர்டுகள்ல பலது முழு 330 மிமீ வரும். 277க்கு செஞ்ச கேபினெட்ல 330 போர்டை வெச்சா ஒண்ணு போகவே போகாது, இல்ல போயிட்டு ரப்பர் ஓட்டையை எல்லாம் மூடிடும், எனக்கு ஆனது இந்த ரெண்டாவது.

சர்வர் பக்கத்துல இருந்து வர்ற அளவுகள் ரெண்டு இருக்கு. எஸ்எஸ்ஐ-சிஇபி 305 × 267, எஸ்எஸ்ஐ-இஇபி 305 × 330. இஇபியும் இ-ஏடிஎக்ஸும் அளவுல ஒண்ணு, ஆனா ஸ்க்ரூ ஓட்டைகள் எல்லாமே ஒரே இடத்துல இருக்காது. இதுல ஆபத்து எங்கன்னா, கேபினெட்ல ஏற்கனவே ஏடிஎக்ஸுக்குன்னு முடுக்கி வெச்சிருக்கற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தூக்கிப் பிடிக்கற குட்டிக் கால்) ஒண்ணு உங்க போர்டுல ஓட்டை இல்லாத இடத்துல நின்னா அது போர்டோட பின்பக்கத்தை தொட்டு ஷார்ட் ஆகும். அதனால போர்டை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டாண்ட்ஆஃபும் ஓட்டைக்கு நேராத்தான் இருக்கான்னு எண்ணிப் பார்த்து, மிச்சம் இருக்கறதை கழட்டிடுங்க.

அதனால ஸ்பெக்ல "எஸ்எஸ்ஐ-இஇபி"னு வெளிப்படையா எழுதியிருக்கற கேபினெட்டை தேடுங்க, இல்ல "இ-ஏடிஎக்ஸ் 330 மிமீ வரை"னு நம்பரோட எழுதியிருக்கறதை. நம்பர் இல்லாம பேர் மட்டும் இருந்தா அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்.

படி 3: கார்டும் ஸ்லாட்டும்

இந்த படியிலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

ஏடிஎக்ஸ் போர்டுல ஏழு ஸ்லாட் இடம்தான். அதனால கேபினெட் பின்பக்கமும் ஏழு ஸ்லாட் இருந்தா போதும்னு தோணும். போதாது. ரெண்டு ஸ்லாட் தடிமன் இருக்கற கார்டு நாலு போடறீங்கன்னு வெச்சுக்கோங்க, அது 1, 3, 5, 7ல உட்காரும், ஏழாவதுல உட்கார்ற கார்டோட கீழ் பாதி எட்டாவது இடத்துல தொங்கும். கேபினெட்ல ஏழுதான் இருந்தா அந்த கடைசி கார்டு போகாது. அதனால நாலு ரெட்டை ஸ்லாட் கார்டுக்கு குறைஞ்சது 8 ஸ்லாட் கேபினெட். மூணு ஸ்லாட் கார்டு மூணு போட்டா 1, 4, 7ல உட்காரும், கடைசி கார்டு ஒன்பதாவது வரைக்கும் எறங்கும், அதுக்கு 9 ஸ்லாட் வேணும். உங்க போர்டுல நீளமான ஸ்லாட் எந்தெந்த இடத்துல இருக்குன்னு போர்டோட படத்தைப் பார்த்து இதே மாதிரி எண்ணிடுங்க, ஒரே கார்டுதான் போடப் போறீங்கன்னா இந்தக் கவலையே வேண்டாம்.

இன்னொண்ணு, போர்டோட கீழ் ஓரத்துலதான் பவர் பட்டன் பின், யூஎஸ்பி ஹெட்டர், ஃபேன் ஹெட்டர் எல்லாம் இருக்கும். கடைசி ஸ்லாட்ல தடிமனான கார்டு உட்கார்ந்தா அது இந்த பின் மேலயே படுத்துக்கும். நேரா நிக்கற யூஎஸ்பி 3 பிளக் இருந்தா கார்டு இறங்கவே இறங்காது. வளைஞ்ச அடாப்டர் போடலாம், இல்ல அந்த ஹெட்டரை விட்டுடலாம், எதுவா இருந்தாலும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

நீளம். ஆர்டிஎக்ஸ் 5090ஓட என்விடியா சொந்த கார்டு 304 மிமீதான், ரெண்டு ஸ்லாட்தான், ஆனா மத்த கம்பெனிங்க பண்றது 350 மிமீ தாண்டியும் போகும். கேபினெட்ல கார்டு நீளம்னு கொடுத்திருக்கற நம்பர்ல இருந்து முன்னாடி மாட்டப் போறதை கழிங்க. சாதா ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, மொத்தம் 52. சில ரேடியேட்டர் 38 மிமீ வரும், அப்ப 63. ரெண்டு பக்கமும் ஃபேன் போட்டா இன்னொரு 25. இதையெல்லாம் கழிச்ச பிறகும் ஒரு 20 மிமீயாவது மிச்சம் இருக்கணும், இல்லன்னா கார்டை சாய்ச்சு உள்ள விடறதுக்கே இடம் இருக்காது.

உயரத்தை யாருமே பார்க்க மாட்டாங்க. இப்ப வர்ற 16 பின் பவர் கனெக்டர் 600 வாட் வரைக்கும் ஒரே பிளக்குல தள்ளுது, அந்த கேபிளை பிளக்கை விட்டு வெளிய வந்ததுமே மடக்கக் கூடாது, முதல் 35 மிமீ நேரா வரட்டும்னு சொல்றாங்க. கார்டு 150 மிமீ உயரம்னா அதுக்கு மேல பிளக், அதுக்கு மேல இந்த நேரான கேபிள், அதுக்கப்புறம் கண்ணாடி கதவு. கதவை மூடறப்போ கேபிள் அழுந்துதுன்னா அது சின்ன விஷயம் இல்ல, பிளக் முழுசா உட்காராம சூடாகி உருகினதெல்லாம் நடந்திருக்கு. கேபினெட் அகலம் 240 மிமீக்கு கீழ போனா இந்தக் கணக்கை கண்டிப்பா போட்டுப் பாருங்க.

கார்டை நிமிர்த்தி கண்ணாடி பக்கம் பார்த்த மாதிரி வைக்கற ஏற்பாடு வொர்க்ஸ்டேஷனுக்கு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஃபேன் கண்ணாடியை ஒட்டி நின்னு மூச்சு முட்டும், கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கற ரைசர் கேபிள்னு ஒரு பிரச்சனை புதுசா சேரும், கீழ இருக்கற ஸ்லாட் எல்லாம் வீணாப் போகும்.

படி 4: சூடு, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு

"ஏர்ஃப்ளோ நல்லா இருக்கும்"னு சொல்றது எல்லாருக்கும் ஈசி. எவ்வளவு காத்து வேணும்னு கணக்கு போட்டா பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ், 96 கோர், 350 வாட். ஆர்டிஎக்ஸ் 5090 ஒண்ணு 575 வாட். ரேம், டிரைவ், போர்டோட விஆர்எம் (ப்ராசஸருக்கு வேண்டிய வோல்டேஜா மாத்திக் கொடுக்கற பகுதி) எல்லாம் சேர்த்து ஒரு நூறு வெச்சுக்கலாம். ஆக ஆயிரம் வாட்டுக்கு மேல, அந்த வாட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும், ரெண்டு கார்டு போட்டா 1600ஐத் தொடும். ஒரு ரூம் ஹீட்டரை பெட்டிக்குள்ள ஓட விடற மாதிரி.

கணக்கு இதுதான்: வாட்டை 1.76ஆல பெருக்கி, உள்ள வர்ற காத்துக்கும் வெளிய போற காத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கலாம்னு நினைக்கறீங்களோ அந்த நம்பரால வகுங்க, சிஎஃப்எம் கிடைக்கும், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துன்னு. 1000 வாட், 10 டிகிரின்னா 176 சிஎஃப்எம். 15 டிகிரி பரவாயில்லன்னா 117. 1600 வாட்டை 10 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும்னா 280 சிஎஃப்எம்.

இது நிஜமா பெட்டியைத் தாண்டிப் போக வேண்டிய காத்து. ஃபேன் பெட்டியில போட்டிருக்கற நம்பர் எதிர்ல எந்தத் தடையும் இல்லாதப்போ அளந்தது. ஃபில்டர், மெஷ், ரேடியேட்டர் எல்லாம் தாண்டி வர்றப்போ அதுல பாதி வந்தாலே நல்லதுன்னு வெச்சுக்கறதுதான் பாதுகாப்பு. 140 மிமீ ஃபேன் ஒண்ணு பெட்டியில 70, 80 சிஎஃப்எம்னு சொல்லுதுன்னா 35, 40னு எடுத்துக்கோங்க. ஆயிரம் வாட்டுக்கு உள்ள இழுக்கற ஃபேன் மட்டுமே நாலு, அஞ்சு வேணும்னு இப்ப புரியும். முன்பக்கம் முழுக்க தகடு மூடி ஓரத்துல ஒரு விரல் சந்து மட்டும் விட்டிருக்கற கேபினெட் இந்த அளவுக்கு தாங்காது, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

அடுத்து கார்டோட கூலர் எந்த மாதிரின்னு பாருங்க. ரெண்டு மூணு ஃபேன் இருக்கற திறந்த கூலர் சூட்டை பெட்டிக்குள்ளயே கொட்டும். ஒத்தை ப்ளோவர் இருக்கற கார்டு பின்பக்க பட்டை வழியா நேரா வெளிய ஊதும். ஆர்டிஎக்ஸ் 6000 ஏடா மாதிரி 300 வாட், ரெண்டு ஸ்லாட் ப்ளோவர் கார்டை நாலு பக்கத்துல பக்கத்துல அடுக்கலாம், அதுக்குன்னே செஞ்சது. 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல்லும் அப்படித்தான், 600 வாட் திறந்த மாடல் ஒண்ணு, 300 வாட் மேக்ஸ்-க்யூ ப்ளோவர் ஒண்ணு. 600 வாட் கார்டு ரெண்டை ஒட்டி வெச்சா மேல இருக்கறது கீழ இருக்கறதோட சூட்டைத்தான் குடிக்கும், நடுவுல ஒரு ஸ்லாட்டாவது காலியா விடற மாதிரி போர்டும் கேபினெட்டும் இருக்கணும். மூணு நாலு கார்டு கண்டிப்பா வேணும்னா ப்ளோவருக்கு போயிடுங்க, சத்தம் அதிகம்தான், ஆனா வேற நல்ல வழி வாட்டர் பிளாக் (சிப் மேல உட்கார்ந்து தண்ணியால சூட்டை எடுக்கற பாகம்) போடறது மட்டும்தான்.

திறந்த கூலர் கார்டு வெச்சிருக்கறவங்க கேபினெட் அடியில ஃபேன் போட இடம் இருக்கான்னு பாருங்க. கார்டுக்கு நேரா கீழ இருந்து வர்ற குளிர்ந்த காத்து மாதிரி வேற எதுவும் உதவாது. பவர் சப்ளையை மூடற அந்த நீள தகடு முழுசா அடைச்சு இருந்தா அடி ஃபேன் வெச்சும் பிரயோஜனம் இல்ல.

படி 5: காத்து கூலரா, ரேடியேட்டரா

காத்து கூலர்னா உயரம் மட்டும்தான். த்ரெட்ரிப்பருக்குன்னு வர்ற நாக்டுவா என்எச்-யூ14எஸ் டிஆர்5-எஸ்பி6 165 மிமீ, பெரிய டவர் எதுலயும் போயிடும்.

ரேடியேட்டர்னா "360"ங்கறது ஃபேன் கணக்கு, மூணு 120. நிஜ நீளம் ஓரத்துல இருக்கற தொட்டிங்களையும் சேர்த்து 395, 400 மிமீ கிட்ட வரும். 420ன்னா 455ஐத் தாண்டும். மேல மாட்டறதா இருந்தா போர்டோட மேல் ஓரத்துக்கும் கேபினெட் கூரைக்கும் எவ்வளவு இடம்னு பாருங்க, 52 மிமீக்கு குறைஞ்சா ஃபேன் விஆர்எம் ஹீட்சிங்க் மேல இடிக்கும். ரேடியேட்டர் மாட்டற இடத்தை கண்ணாடி பக்கமா கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா அது நல்ல டிசைன்.

முன்னாடி மாட்டினா ப்ராசஸர் ஜில்லுனு இருக்கும், ஆனா அந்த 350 வாட் சூடு கார்டு மேலதான் அடிக்கும். கார்டுதான் பெரிய செலவு, பெரிய சூடு, அதனால நான் மேலதான் மாட்டுவேன், முன்பக்கத்தை முழுக்க காத்துக்கு விட்டுடுவேன்.

வாட்டர் கூலர் போடறவங்க மறக்கற ஒண்ணு ரேம். டிடிஆர்5 ஆர்டிம் (சர்வர் ரக ரேம்) குச்சிங்க எட்டு ப்ராசஸருக்கு ரெண்டு பக்கமும் நெருக்கமா நிக்கும், நல்லாவே சூடாகும், காத்து கூலர் இருந்தா அதோட காத்து கொஞ்சமாவது பக்கத்துல படும், வாட்டர் பிளாக் இருந்தா அந்த இடத்துல ஒரு அசைவும் இருக்காது. மணிக்கணக்குல ரெண்டரோ ட்ரெயினிங்கோ ஓட்டறப்போ மெமரி எரர் வந்தா ப்ராசஸரை சந்தேகப்படறதுக்கு முன்னாடி ரேம் டெம்பரேச்சரைப் பாருங்க.

படி 6: பவர் சப்ளையும் கேபிளும்

ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அகலம் 150, உயரம் 86, இது மாறாது. நீளம்தான் மாறும், 1600 வாட் யூனிட்டுன்னா 180ல இருந்து 210 மிமீ வரைக்கும் வரும். அதுக்குப் பின்னாடி கேபிள் மடங்க ஒரு 70 மிமீ சேர்த்துக்கோங்க. பக்கத்துல ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்தா அதைக் கழட்ட முடியுமா, தள்ளி வைக்க முடியுமான்னு பாருங்க.

கேபிள் நீளம் பெரிய கேபினெட்டுக்கே உரிய தலைவலி. ப்ராசஸருக்குப் போற 8 பின் கேபிள் பல பவர் சப்ளையில 650 மிமீதான் வரும். 600 மிமீ உயரமுள்ள டவர்ல பவர் சப்ளை அடியில, பிளக் போர்டோட மேல் மூலையில, நடுவுல பின்பக்கமா சுத்திப் போகணும், 650 மிமீ இழுத்துப் பிடிச்சுத்தான் எட்டும், சில நேரம் எட்டவே எட்டாது. வொர்க்ஸ்டேஷன் போர்டுல இந்த 8 பின் ரெண்டு மூணு கேட்கும், எல்லாத்தையும் மாட்டியே ஆகணும். பவர் சப்ளை பக்கத்துல கேபிள் நீளம் போட்டிருப்பாங்க, பார்த்துட்டு வாங்குங்க. எக்ஸ்டென்ஷன் போட்டா ஓடும், ஆனா இவ்வளவு வாட் போற இடத்துல நடுவுல ஒரு இணைப்பு கூடறது எனக்குப் பிடிக்கல.

போர்டு தகட்டுக்குப் பின்னாடி குறைஞ்சது 25 மிமீ இடம் இருக்கட்டும். 20க்கு கீழ போனா கதவை முழங்கால் வெச்சு மூட வேண்டி வரும்.

படி 7: டிரைவ்

எல்லாமே போர்டுலயே மாட்டற எம்.2 எஸ்எஸ்டிலன்னா இந்த படியை விட்டுட்டுப் போங்க.

வீடியோ, ஸ்கேன், டேட்டாசெட் வெச்சிருக்கறவங்களுக்கு 3.5 இன்ச் டிஸ்க் தேவைப்படும். ஸ்பெக்ல சொல்ற எண்ணிக்கைக்கும் பெட்டியில கொடுக்கற ட்ரே எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இருக்காது, மிச்ச ட்ரேயை தனியா வாங்கணும், பழைய மாடல் ஆயிட்டா அந்த ட்ரே கிடைக்காமயே போகும், அதனால தேவையை கேபினெட்டோட சேர்த்தே வாங்கிடுங்க. ரெண்டாவது, 10 டிபிக்கு மேல போற டிஸ்க்குகள்ல பலதுக்கு அடிப்பக்கம் நடு ஸ்க்ரூ ஓட்டை பழைய இடத்துல இருக்காது, பழைய டிசைன் ட்ரேல நாலுக்கு ரெண்டு ஸ்க்ரூதான் மாட்ட முடியும். புது ட்ரேல ரெண்டு இடத்துக்கும் ஓட்டை இருக்கும். டிஸ்க் அடுக்குக்கு நேரா ஒரு ஃபேனும், ஸ்க்ரூக்கு ரப்பரும் இருக்கணும், ஆறு டிஸ்க் ஒண்ணா சுத்தறப்போ வர்ற அதிர்வு மேஜை வரைக்கும் தெரியும்.

டேப் டிரைவோ, முன்பக்கமா கழட்டி மாட்டற டிரைவ் கூண்டோ வேணும்னா 5.25 இன்ச் இடம் வேணும், இப்ப வர்ற கேபினெட்ல அது அரிது, அந்த ஒரு தேவையே உங்க லிஸ்ட்டை மூணு நாலு மாடலா சுருக்கிடும்.

படி 8: சத்தமும் தூசியும்

ஃபேன் வேகத்தை பாதியாக்கினா காத்தும் பாதியாகும், ஆனா சத்தம் 15 டெசிபல் கிட்ட குறையும். அதே ஃபேனை இன்னொண்ணு சேர்த்தா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க: ரெண்டு ஃபேன் முழு வேகத்துல கத்தறதை விட நாலு ஃபேன் பாதி வேகத்துல சுத்தினா அதே காத்து, ரொம்ப கம்மி சத்தம். பெரிய கேபினெட் வாங்கறதோட உண்மையான லாபமே எனக்கு இதுதான். பஞ்சு ஒட்டின மூடின கேபினெட் சும்மா இருக்கறப்போ அமைதியா இருக்கும், ஆயிரம் வாட் ஓடறப்போ உள்ள ஃபேன் எல்லாம் வேகம் எடுத்து கடைசியில மெஷ் கேபினெட்டை விட அதிகமா சத்தம் போடும். உங்க வேலை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முழு லோடுல இருக்கும்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

ஃபில்டர் எல்லா பக்கமும் கழட்டற மாதிரி இருக்கணும், அடி ஃபில்டர் முன்பக்கமா உருவற மாதிரி இருக்கணும். பின்பக்கமா உருவறதா இருந்தா 30 கிலோ பெட்டியை ஒவ்வொரு தடவையும் நகர்த்தணும், ரெண்டு தடவை பண்ணுவீங்க, அப்புறம் விட்டுடுவீங்க. உள்ள இழுக்கற ஃபேன் வெளிய தள்ளறதை விட கொஞ்சம் அதிகமா இருந்தா சந்து பொந்து வழியா தூசி இழுக்காது.

படி 9: எங்க வைக்கப் போறீங்க

டேப் எடுத்து இடத்தை அளங்க. மேஜைக்கு அடியிலன்னா மேல ஒரு சாண் இடைவெளி, பின்னாடியும் அதே அளவு. கார்பெட் மேலன்னா அடிப்பக்க காத்து அடைபடும், ஒரு பலகை போடுங்க. டெம்பர்டு கண்ணாடியை கழட்டினா டைல்ஸ் தரையில நேரா நிறுத்தாதீங்க, அந்த கண்ணாடி முகத்துல அடிச்சா தாங்கும், ஓரம் டைல்ஸ்ல பட்டா தூள் தூளா போயிடும், ஒரு துணியோ அட்டையோ விரிச்சு படுக்க வைங்க.

2 கிலோ தாண்டற கார்டுக்கு கீழ இருந்து தாங்கற கம்பி வேணும், பெரிய கேபினெட்ல கார்டோட முன் முனையைப் பிடிக்கற பட்டை சேர்ந்தே வந்தா அது பெரிய வசதி. இடம் மாத்தறப்போ கார்டை கழட்டி தனியா எடுத்துட்டுப் போங்க.

படி 10: எதுல இருந்து தேட ஆரம்பிக்கலாம்

நாலு மாடலை ஒப்பிட்டா இதுவரைக்கும் சொன்னது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஃப்ராக்டல் டிசைனோட டிஃபைன் 7 எக்ஸ்எல், 604 × 240 × 566 மிமீ, கணக்குப் போட்டா 82 லிட்டர். எஸ்எஸ்ஐ-இஇபி போர்டு போகும், 9 ஸ்லாட், ரெண்டு 5.25 இன்ச் இடம், டிஸ்க் அடுக்கறவங்களுக்கு இதை மிஞ்சறது கஷ்டம். ஆனா டிஸ்க் அடுக்கற அமைப்புக்கு மாத்தினா கார்டு நீளம் குறையும், முன்பக்கமும் மூடின கதவு.

அதே கம்பெனியோட டாரன்ட், 70 லிட்டர்தான், முன்னாடி 180 மிமீ ஃபேன் ரெண்டு, அடியில 140 மிமீ மூணு, பெட்டியிலயே வந்துடும். பவர் சப்ளை மேல உட்காரும், அதனால ப்ராசஸர் கேபிள் பிரச்சனையும் இல்ல, கார்டுக்கு கீழ இருந்து காத்து வர்றதும் தடையில்ல. ஒரு பெரிய கார்டு, காத்து கூலர்னா என்னோட முதல் பரிந்துரை இதுதான். ஆனா 7 ஸ்லாட்தான், படி 3 கணக்கு ஞாபகம் இருக்கில்ல, நாலு ரெட்டை ஸ்லாட் கார்டு இதுல போகாது. மேல ரேடியேட்டரும் போட முடியாது.

ஃபான்டெக்ஸ் என்தூ ப்ரோ 2, இஇபி போர்டு போகற மெஷ் டவர், ரெண்டாவதா ஒரு சின்ன மினி-ஐடிஎக்ஸ் சிஸ்டமும் அதே பெட்டிக்குள்ள வைக்கலாம். கோர்சேர் 1000டி, 697 × 307 × 693, காலியாவே 29.5 கிலோ, முன்னாடி 480 ரேடியேட்டர் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்கும். எல்லா கார்டுக்கும் வாட்டர் பிளாக் போடறவங்களுக்கு மட்டும் அது, காத்துல ஓட்டறவங்க அவ்வளவு இடத்தை வாங்கி என்ன பண்ணப் போறாங்க.

படி 11: ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, பெட்டி வந்த பிறகு

மூணு மாடலா சுருக்கினதும் ஒவ்வொண்ணோட மேனுவலையும் டவுன்லோட் பண்ணுங்க. விளம்பரப் பக்கத்துல இல்லாத அடிக்குறிப்பு அதுலதான் இருக்கும், "முன்னாடி ரேடியேட்டர் இருந்தா கார்டு இவ்வளவு", "கூண்டு இருந்தா பவர் சப்ளை இவ்வளவு"ன்னு. படி 1ல எழுதின பேப்பரை பக்கத்துல வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா மாட்டினா என்ன மிச்சம்னு ஒவ்வொரு திசையிலயும் கழிச்சுப் பாருங்க. கார்டு நீளத்துல 20 மிமீக்கு கீழயோ, மத்த ஏதாவது ஒரு இடத்துல 10 மிமீக்கு கீழயோ வந்தா அந்த மாடல் வேண்டாம்.

பெட்டி வந்ததும் எல்லாத்தையும் பிரிச்சு மாட்ட ஆரம்பிக்காதீங்க. முதல்ல அட்டையில 305 × 330 வெட்டி போர்டு இடத்துல வைங்க, கார்டு நீளத்துக்கு இன்னொரு அட்டை, ரேடியேட்டர் தடிமனுக்கு ஒரு அட்டைப்பெட்டி. முன்பக்க டைப்-சி கேபிளை இழுத்து போர்டு ஹெட்டர் வரைக்கும் எட்டுதான்னு பாருங்க. கதவு கோணல் இல்லாம மூடுதான்னு பாருங்க. எல்லாம் சரியா இருந்தா அப்புறம் பெட்டியோட அட்டையையும் தெர்மாகோலையும் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, ஸ்டாண்ட்ஆஃபை எண்ண ஆரம்பிங்க.